ஏரிக்கரையில் ஒரு சர்வே

ட்ரைபாடைத் தோளில் சாத்திக்கொண்டு நம் ஊர்ப்பக்கம் எங்கே போய் நின்றாலும் ஐந்தாவது நிமிஷம் நீங்கள் கவர்மெண்ட் ஆள். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனுக்குக் கல்யாண வீட்டில்கூட மரியாதை இல்லை. மூன்று காலை ஊன்றி, குமிழியை உற்றுப் பார்த்து, திருகைத் திருகி, ஒற்றைக் கண்ணை மூடி நின்றால் போதும், நிலம் அளக்க வந்தவர் என்று முடிவாகிவிடும். அதிலும் பனோரமா எடுப்பவன் மேல் சந்தேகம் அதிகம். அவன் படம் எடுப்பது இரண்டு நிமிஷம், திருகுவது ஒரு மணி நேரம்.

ஆடி மாதம் வீராணத்துக்குப் போயிருந்தேன். பராந்தக சோழன் காலத்து ஏரி. கல்கி வந்தியத்தேவனைக் குதிரையேற்றிப் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கியது இந்தக் கரையில்தான். கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாறு வழியாக வந்து நிறைந்துவிட்டால் கரையில் நிற்பவனின் எந்த லென்ஸுக்கும் அடங்காது. துண்டு துண்டாக எடுத்துத் தைக்க வேண்டியதுதான்.

கரைச் சரிவில் இரண்டு காலை நீட்டி, ஒரு காலைக் குறுக்கி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி வந்து நின்றது.

“அளக்க வந்திருக்கீங்களா சார்?”

“இல்லீங்க ஐயா, படம் எடுக்க.”

“அப்படித்தான் சொல்லுவீங்க” என்று துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

பனோரமாவில் படுத்தும் சங்கதி ஒன்று உண்டு. கேமரா சுழல்வது அதன் அடித்திருகை மையமாக வைத்து. லென்ஸோ முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. திருப்பத் திருப்ப லென்ஸ் இடம் மாறும். பக்கத்துப் பொருள் தூரத்துப் பொருளைவிட்டு நகர்ந்துவிடும். தைக்கும்போது கம்பி ஒடிந்து தெரியும். அதற்காகத்தான் கேமராவைத் தண்டவாளம் மாதிரி ஒரு பட்டையில் ஏற்றி முன்பின் தள்ளுவது. மதகின் இரும்புக் கம்பியையும் தூரத்துப் பனைமரத்தையும் ஒரே கோட்டில் நிறுத்திக்கொண்டு, கேமராவை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தேன். பனை கம்பிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது.

“இன்னும் ஒரு நூல் பின்னாடி தள்ளுங்க” என்றார் பெரியவர், என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்து. தள்ளினேன். பனை ஒளிந்துகொண்டது. சின்ன வயதில் சர்வேயருக்குச் சங்கிலி பிடித்தவராம். விலை கொடுத்து வாங்கிய பயிற்சி வீடியோ எதுவும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

பிறகு எல்லாவற்றையும் பூட்டினேன். எக்ஸ்போஷர் மேனுவல், ஃபோகஸ் மேனுவல், ஒயிட் பேலன்ஸ் டேலைட். ஆட்டோவில் விட்டால் மேற்கே சாயும் சூரியனைக் கண்டதும் ஒரு துண்டு இருட்டும், அடுத்தது வெளுக்கும். கேமராவை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் 24 மிமீ லென்ஸ் பக்கவாட்டில் ஏறக்குறைய 53 டிகிரி பார்க்கும். மூன்றில் ஒரு பங்கு ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்குப் பத்துப் படம் போல வரும்.

ஏரிப் பக்கம் முடிந்து வயல் பக்கம் திரும்பியதுமே பெரியவர் எழுந்து நின்றார். “அந்தக் கரையோரத்து வயல் நம்மது. வரப்புக்கு அந்தாண்டை அண்ணன் மவனோடது. நல்லா பார்த்துக்குங்க.” அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அண்ணன் மகன், “சித்தப்பா, யாரைக் கேட்டு அளக்குறீங்க?” என்று வரப்பிலேயே ஓடி வந்தார். கேமரா திரும்பும் திசையிலேயே அவரும் வந்ததால் அடுத்தடுத்த மூன்று படங்களிலும் விழுந்துவிட்டார். ஒன்றில் கை ஓங்கியபடி, ஒன்றில் வேட்டியை மடித்துக் கட்டியபடி, மூன்றாவதில் பாதி.

கேமரா திரையைக் காட்டித்தான் இருவரையும் சமாதானம் செய்தேன். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக வாக்கும் கொடுத்தேன். அந்த வாக்குதான் வினை.

ராத்திரி உட்கார்ந்து தைத்து, மூன்று அண்ணன் மகன்களில் இருவரை அழித்து அனுப்பினேன். காலையில் போன்.

“வரப்பு நடுவுல வயிறு தள்ளி எம் பக்கம் வந்திருக்கு பாத்தீங்களா? எனக்கு அப்பவே தெரியும் சார், அவன் வருஷா வருஷம் வெட்டித் தள்ளுறான்னு.”

முழுச் சுற்றுப் படம் என்பது உலகத்தை ஒரு உருளையின் உட்புறத்தில் ஒட்டி, பிறகு வெட்டி விரிக்கிற வேலை. அடிவானம் நேராக இருக்கும், அதற்குக் கீழே குறுக்காக ஓடும் எந்த நேர்கோடும் நம்மை நோக்கி வளையும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் சரி. தாலுகா ஆபீசுக்கு என்னைக்கு வர்றீங்க?”

நேர்கோட்டை நேராகவே காட்டும் முறையும் மென்பொருளில் உண்டு. வயல் பக்கத்தை மட்டும் அதில் போட்டுப் பார்த்தேன். வரப்பு நூல் பிடித்தாற்போல் வந்தது. ஆனால் அந்த முறையில் ஓரத்தில் இருப்பதெல்லாம் இழுபட்டு அகலமாகும். ஓரத்தில் இருந்தது அண்ணன் மகனின் மோட்டார் கொட்டகை. கல்யாண மண்டபம் அளவுக்கு வந்து நின்றது. அதை நான் அனுப்பவில்லை.