கிளாரிட்டி அண்ணாச்சி

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால், தென்காசியில் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி, "மெயின் அருவியில தண்ணி விழுதா?" என்பதுதான். கிளாரிட்டி அண்ணாச்சி மட்டும் வேறு மாதிரி கேட்பார்: "ரெசல்யூஷன் எவ்வளவு வச்சிருக்கீரு வே?"

ரத வீதி டிடிபி கடை, மேலகரம் கம்ப்யூட்டர் சென்டர், மத்தளம்பாறை சோஹோவில் வேலை பார்க்கும் பையனின் வீடு என்று மானிட்டர் எரிகிற இடத்திலெல்லாம் இப்படி ஓர் அண்ணாச்சி உண்டு. குடையை மடக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும். "எழுத்து பூசுனாப்ல இருக்கே!" நாற்காலியை நாம் கொடுக்க வேண்டியதில்லை, அவரே எடுத்துக்கொள்வார்.

சும்மா சொல்லக்கூடாது, விஷயம் தெரிந்தவர். "இது 1920-க்கு 1080 புள்ளி உள்ள பேனல். நீரு 1280-க்கு 720 வச்சா, ஒரு புள்ளி ஒன்றரைப் புள்ளியில உக்காரணும். மிச்ச அரை எங்க போவும்? பக்கத்துப் புள்ளி மேல அப்பும்." மாற்றியதும் எழுத்து தெளியும், ஆனால் சிறுத்துப்போகும். "ஸ்கேலிங்கைக் கூட்டும் வே, ரெசல்யூஷன்ல கை வைக்காதீரும்!" மானிட்டருக்குப் பின்னால் குனிந்து, நீலத் தலை விஜிஏ கேபிளைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்குவார். "1987-ல ஐபிஎம் கொண்டாந்தது. இன்னுமா?" ஹெச்டிஎம்ஐ செருகுவார். எழுத்தின் ஓரத்தை மென்மையாக்கும் கிளியர்டைப்பைச் சரிசெய்வார்.

அத்தோடு எழுந்தால் கையெடுத்துக் கும்பிடலாம். எழ மாட்டார். மானிட்டரின் அடியில் பொத்தானைத் தடவி ஷார்ப்னெஸ்ஸை 100-க்கு ஏற்றுவார். ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் வெள்ளை ஓரம் கட்டும். "இப்பதான் வே கிளாரிட்டி!"

ஆடியில் ஒருநாள், டிடிபி கடைத் திரையில் ஓர் ஆவணிக் கல்யாணப் பத்திரிகை. 'ழ'வை 400 சதவீதம் பெரிதாக்கி, சுழியில் பிசிறு இருக்கிறதா என்று அரைமணி நேரம் ஆராய்ந்தார் அண்ணாச்சி. முகூர்த்தம் காலை 6 மணி என்பது 'மாலை 6 மணி' என்றிருந்ததைக் கண்டவள், டைப் அடிக்கும் பிள்ளை. அண்ணாச்சி அசரவில்லை. "அந்த 'மா' எவ்வளவு தெளிவா இருக்கு பாத்தியாம்மா!"

உங்கள் வீட்டுக்கும் வருவார். ரெசல்யூஷன், கேபிள், கிளியர்டைப் மூன்றும் முடிந்ததும், பிரானூர் பார்டரில் புரோட்டா வாங்கித் தருவதாகச் சொல்லிக் கிளப்பிவிடுங்கள். ஷார்ப்னெஸ் கம்பெனி வைத்த அளவிலேயே இருக்கட்டும். அதைக் கூட்டினால் ஓரம்தான் தடிக்கும். படத்தில் இல்லாத விவரம் எதுவும் புதிதாக வந்துவிடாது.