நீலகிரியில் உயிரோடிருத்தலின் இடர்கள்: ஒரு கலைக்களஞ்சிய ஆய்வு

இவ்வாய்வின் கருதுகோள் எளியது: ஒருவரைப் பற்றிய செய்தி சரியா, தவறா என்று சொல்லத் தகுதியில்லாத ஒரே ஆள் அவரேதான். இதை மெய்ப்பிக்கும் பொருட்டு, குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு டீக்கடையின் மூலை பெஞ்சை ஆய்வகமாகக் கொண்டோம். ஆய்வுக் கருவிகள்: கைப்பேசி ஒன்று, வர்க்கி இரண்டு, கணக்கில் எழுதிய டீ. (கடைசியாகச் சொன்னதை ஆய்வு நல்கை என்று ஏற்கக் கடைக்காரர் மறுக்கிறார்.)

முதலில் கலைச்சொற்கள். விக்கிப்பீடியாவில் எழுதுவதற்குத் தொகுத்தல் என்று பெயர். ஒருவர் தொகுத்ததை மற்றவர் அழித்துப் பழையபடி ஆக்குவது மீளமைத்தல். இருவரும் சளைக்காமல் இதையே செய்தால் தொகுத்தல் போர். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தை 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மீளமைத்தால் தடை விழும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் மூன்றோடு நிறுத்திக்கொண்டு, இல்லாத மச்சான் பேரில் ஒரு கணக்கைத் திறந்து நாலாவதை முடிப்பார்கள். இந்த மச்சானுக்குக் கலைச்சொல் கைப்பாவை. பிடிபட்டால் மச்சானுக்கும் தடை.

போர் எதற்கு? கொள்கைக்காக என்பவர்கள் மலையில் குடியிருந்ததில்லை. பிறந்த ஊர், பிறந்த வருடம், படித்த பள்ளி, இவ்வளவுதான். நடிகை சாய் பல்லவி கோத்தகிரியில் பிறந்து கோயம்புத்தூரில் வளர்ந்தவர். ஒரு வரியில் இரண்டு ஊரும் தாராளமாக அடங்கும். ஆனால் எங்கள் பெஞ்சில் இதைப் பேசத் தொடங்கினால் சமவெளிக்காரர் ஒருவராவது டீயை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இலிருந்து இருக்கிறது. விடுதிக் குளிர் தாங்காமல் ஒரே பருவத்தில் ஓடிப்போனவரும் ‘முன்னாள் மாணவர்’தானா என்பது தனி ஆய்வேட்டுக்குரிய பொருள்.

இந்தப் போர் கணினியோடு வந்ததன்று. இதன் மூலவர் உதகையில் உலவியவர். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் படையதிகாரி, பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் புது ஆட்டம் ஒன்றை உண்டாக்கினார். பந்தைக் கோட்டைவிட்ட சகாவை ‘ஸ்னூக்கர்’ என்று சீண்டினார். ராணுவப் பள்ளியின் முதலாண்டுப் பையன்களுக்கு வழங்கிவந்த கேலிப்பெயர் அது, ஆட்டத்துக்கே ஒட்டிக்கொண்டது. பிறகு சென்னை மாகாணப் படைத்தலைவர் ராபர்ட்ஸின் பரிவாரத்தில் உதகைக்கு வந்தார். 1882இல் ஆட்ட விதிகள் எழுதப்பட்டு ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. ஆணியடித்த விதியை எவரும் மீளமைக்க முடியாது என்பதைக் கவனிக்க.

அரை நூற்றாண்டு கழித்து, அந்த ஆட்டம் இங்கிலாந்தின் வுல்விச் ராணுவப் பள்ளியில் பிறந்தது என்று அச்சில் வந்துவிட்டது. சேம்பர்லேன் அப்போது உயிரோடிருந்தார், சிக்கலே அதுதான். 82 வயதில் உட்கார்ந்து ‘தி ஃபீல்டு’ இதழுக்குக் கடிதம் எழுதினார். 1938 மார்ச் 19இல் அது வெளிவந்தது. நாட்டின் பிரதமர் பெயரும் அன்றைக்கு நெவில் சேம்பர்லேன்தான்! ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்டும் விக்கிப்பீடியாவின் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் இல்லாத காலத்தில் தபால்காரர் என்ன பாடுபட்டாரோ. மறுவருடம் எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி ஸ்னூக்கர் சேம்பர்லேனுக்காகப் பேனாவை எடுத்த பிறகு கதை நிலைபெற்றது. ஆடியவர் சொன்னால் உரிமை கோரல், அடுத்தவர் சொன்னால் வரலாறு.

அமெரிக்க நாவலாசிரியர் ஃபிலிப் ராத்துக்கும் இதே கதிதான். ‘தி ஹ்யூமன் ஸ்டெயின்’ நாவலுக்குத் தூண்டுதல் யார் என்பதை விக்கிப்பீடியாவில் திருத்தக் கேட்டபோது, இரண்டாம் நிலைச் சான்று வேண்டும் என்று பதில் வந்தது. 2012 செப்டம்பரில் ‘தி நியூ யார்க்கர்’ இதழில் திறந்த மடல் எழுதினார். அச்சேறியதும் அதுவே சான்றாயிற்று. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இல்லாமலில்லை. 2005இல் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப் போட்டு யாரோ விளையாட்டாக எழுதிய பொய், நாலு மாதம் அசையாமல் கிடந்தது. வாழ்வோர் பற்றிய கண்டிப்பான விதிகள் அதற்குப் பின் வந்தவை.

உயிரோடிருப்போர் பற்றிய கட்டுரைகளை விக்கிப்பீடியா ஒரு பகுப்பில் சேர்க்கிறது; தமிழில் அதற்குப் பெயர் ‘வாழும் நபர்கள்’. குன்னூரில் குடியிருந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா, 2008 ஜூன் 27இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமாகி இதிலிருந்து விடுபட்டார். பகைவரிடம் அவர் பின்வாங்கியதில்லை. ஆனால் ‘சான்று தேவை’ என்ற இரண்டு சொல்லை அவர் எதிர்கொள்ள நேர்ந்ததா என்பது எம் ஆய்வெல்லைக்கு வெளியே.

களப்பணியின் கடைசி நாளில் ஒரு பெரியவர் அகப்பட்டார். ஏதோ ஓர் இணையக் களஞ்சியத்தில் அவரைப் பற்றி நாலு வரி இருந்தது; குன்னூரில் பிறந்ததாக. அவர் பிறந்ததோ கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில். பேரனை விட்டுத் திருத்தினார். மறுநாளே குன்னூர் திரும்பிவிட்டது.

“தம்பி, நான் பொறந்த ஊரு எனக்குத் தெரியாதா?”

“தெரியும் ஐயா. ஆனா நீங்க சான்று இல்லையே.”

வர்க்கியை டீயில் நனைத்தபடி யோசித்தார். “அப்ப நீங்க எங்கயாச்சும் எழுதுங்க. அதைக் காட்டிப் போட்டுக்கறேன்.”

இதோ, எழுதிவிட்டோம். பெயரை மட்டும் போடவில்லை. மனிதர் உயிரோடு இருக்கிறார், நமக்கெதற்கு வம்பு.