பாறை மாமா பதில்கள்: கரையேறிய கடலடி

மாமா, நம்ம பக்கத்துக் குவாரிக் கல்லெல்லாம் ஒரு காலத்தில் கடலின் அடித்தரையாமே?
— டிப்பர் ஓட்டுநர், இஞ்சிவிளை

யாரோ பாதி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், மக்கா. கடலின் அடித்தரை என்றால் எரிமலைக் குழம்பு இறுகிய பாசால்ட். நீங்கள் ஏற்றுவது கொண்டலைட், சார்னோக்கைட் ஜாதி. இதில் கொண்டலைட் என்பது நீருக்கடியில் படிந்த சேறு. பிறகு பூமிக்குள் போய் 800 டிகிரிக்கு மேல் வெந்து வந்தது. விரிப்பைக் கட்டில் என்று விற்றால் வாங்குவீர்களா?

கொண்டலைட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?
— பிளஸ் டூ மாணவி, தனுவச்சபுரம்

புதிதாக உடைத்த முகத்தைச் சாய்வெயிலில் திருப்புங்கள். கருஞ்சிவப்பு மணிகள் கார்னெட். ஊசி ஊசியாக மின்னுவது சில்லிமனைட். தொட்டால் விரலில் அப்பும் கறுப்பு, கிராஃபைட். விரல் கறுத்தால் பாஸ். யூனிஃபார்ம் கறுத்தால் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

இந்தக் கல் கேரளத்துக்கா, தமிழ்நாட்டுக்கா?
— டீக்கடை பெஞ்சு, களியக்காவிளை

விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு, நெய்யாற்றின்கரை கேரளத்துக்கு என்று பிரித்தது 1956 நவம்பர் 1. கல் வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன்பு. அப்போது நமக்கு அடுத்த வீடு மடகாஸ்கர், இலங்கை, அண்டார்டிகா. செக்போஸ்டில் பாஸைக் காட்டுங்கள், வரலாற்றைக் காட்டாதீர்கள்.

சரி, அசல் கடலடித் தரை நம் நாட்டில் எங்கேதான் கிடக்கிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரக்கோணம்

ஆசிரியர் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். இதற்குப் பெயர் ஓஃபியோலைட். 1972-ல் பென்ரோஸ் மாநாட்டில் கூடிய நிபுணர்கள் அடுக்கு வரிசையை எழுதி வைத்தார்கள்: அடியில் பூமியின் மேன்ட்டிலைச் சேர்ந்த பெரிடோடைட், அதன்மேல் காப்ரோ, அதன்மேல் ஒன்றையொன்று நெருக்கிச் செங்குத்தாகச் செருகிய டைக்குகள், அப்புறம் தண்ணீரில் உருண்டு உறைந்த தலையணை லாவா, உச்சியில் ஆழ்கடல் செர்ட்.

நாமக்கல்–முசிறிப் பக்கம் மணமேட்டில் இந்தக் குடும்பத்தின் உறுப்பினர்கள் துண்டு துண்டாகக் கிடக்கிறார்கள். வயது 70 கோடி ஆண்டுக்கு மேல். தேவனூரில் கிடப்பதற்கு 250 கோடி. கேரளத்தார் கோபிக்க வேண்டாம், அட்டப்பாடி அகளி மலையிலும் ஒரு பங்கு உண்டு. பாலக்காட்டிலிருந்து காவிரி வரை நீளும் இந்தப் பட்டையை, இரு நிலத்துண்டுகள் முட்டி நடுவிலிருந்த கடலைக் காலி செய்த தையல் என்கிறது ஒரு கட்சி. அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது என்கிறது இன்னொரு கட்சி. என் ஓட்டு முதல் கட்சிக்கு. ஆனால் டெபாசிட் என் பொறுப்பல்ல.

அவ்வளவு கனமான தரை நிலத்தின்மேல் எப்படி ஏறும்?
— இன்ஜினியர், அமரவிளை

பெரும்பாலும் ஏறாது. வயதாக ஆகக் குளிரும், கனக்கும், கண்டத்துக்கு அடியில் சரிந்து தொலையும். அதனால்தான் இன்று கடலுக்கடியில் 20 கோடி ஆண்டைத் தாண்டிய தரை கிடைப்பது அபூர்வம். கண்டத்திலோ 400 கோடி ஆண்டுக் கிழடுகளும் உண்டு. எப்போதாவது சரியும் தட்டின் பின்னாலேயே ஒரு கண்டம் வந்து பள்ளத்தில் மாட்டும். அது லேசு, உள்ளே போகாது. எதிரே இருந்த கடலடி விளிம்பு, அதுவும் சூடு ஆறாத இளசாக இருந்தால், கண்டத்தின் முதுகில் ஏறிக்கொள்ளும். ஏறியது கடலடிதான், ஆனால் கூலி கண்டத்துக்கு.

மச்சான் மஸ்கத்தில் இருக்கிறான். ஊரைச் சுற்றி மொட்டைக் கறுப்பு மலையாம். பார்க்க ஒன்றுமில்லையாம்.
— பூவாறு வாசகி

ஒன்றுமில்லையா! உலகத்து ஓஃபியோலைட்டுகளில் தலைமகன் ஓமனின் செமாயில்தான். நீளம் 500 கிலோமீட்டர், வயது சுமார் 9.6 கோடி ஆண்டு. கடலடி ஓட்டைத் துளைத்து மேன்ட்டிலைத் தொடப்போகிறோம் என்று 1961-ல் அமெரிக்கா கப்பலில் கிளம்பி, கடல்தரைக்குக் கீழே 183 மீட்டர் போனது; 1966-ல் அவர்கள் காங்கிரஸ் பணத்தை நிறுத்தியது. உங்கள் மச்சானுக்கு அதே மேன்ட்டில் வீட்டு வாசலில். வெள்ளிக்கிழமை லீவில் செருப்போடு போய்த் தொட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

குமரிக்கண்டம் மூழ்கியது உண்மைதானே அண்ணாச்சி? பொய் என்றால் பத்திரிகையை நிறுத்திவிடுவேன்.
— வெள்ளறடை வாசகர்

சந்தாவை நினைத்து மெதுவாகச் சொல்கிறேன். குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லெமூரியா, 1864-ல் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர் விலங்குக்காகப் போட்ட பாலம். இப்போதுதான் பார்த்தோம், கண்டம் லேசு. அமுக்கினாலும் முழுசாக மூழ்காது. ஆனால் 20,000 ஆண்டுக்கு முன்பு கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் தாழ்வு. குமரிக்குத் தெற்கே அகலமான கரை இருந்தது, தண்ணீர் ஏறி மூடியது. கண்டம் போகவில்லை, கரை போனது நிஜம். பாதி சந்தாவாவது அனுப்புங்கள்.

சேலத்து வெள்ளைக்கல்லும் கடலடியா?
— உச்சக்கடை வாசகர்

அடியில் டியூனைட். ஓஃபியோலைட்டின் அடித்தட்டிலும் அதே கல்தான், ஆனால் முகஜாடையை வைத்து வாரிசுச் சான்றிதழ் தர முடியாது. கரியமில வாயு கலந்த தண்ணீர் டியூனைட்டை அரித்து விட்டுப்போன வெள்ளை நரம்புதான் மேக்னசைட். பக்கத்து மாவட்டத்துச் சித்தம்பூண்டிக் கல்லுக்கு இன்னும் பெரிய யோகம்: பொடித்து நிலவு மண் என்று இஸ்ரோ சோதனைக்கு எடுத்துக்கொண்டது.

அந்தமான்?
— ஒரு வரி வாசகர், உதியன்குளங்கரை

ஆமாம், கடலடிதான். வயது 9.5 கோடி ஆண்டு. ரட்லண்ட் தீவில் குரோமைட்டும் உண்டு. உங்களுக்கு மூன்று வரியாகிவிட்டது.

கருங்கல்லை லோடு லோடாக விழிஞ்ஞத்தில் கொண்டுபோய்க் கடலில் தட்டினார்களே, மாமா?
— வீட்டுச்சுவர் விரிசல் கண்டவர், பாறசாலை

2015 கடைசியில் வேலை தொடங்கி, மூன்று கிலோமீட்டர் அலைதடுப்புச் சுவர் போட்டு, 2025 மே 2-ல் துறைமுகத்தையும் திறந்தாயிற்று. கடலடி கரையேற லட்சக்கணக்கான ஆண்டு ஆகும், மருமகனே. கரை கடலில் இறங்க ஒரு டெண்டர்.