தனக்காக மட்டும் எழுதியவர்

நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் தொடக்கத்தில் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: “எனக்காக மட்டும் எழுதுகிறேன்.” இந்தக் காரணத்தின் ஆயுளை அளக்க, லண்டன் கடற்படை அலுவலக அதிகாரி சாமுவேல் பீப்ஸ் ஒருவர் போதும். 1660 ஜனவரி முதல் நாள் தொடங்கியவர், மனைவி கண்ணில் படக்கூடாத சங்கதிகளையும் சேர்த்துச் சுருக்கெழுத்தில் எழுதினார். பார்வை போய்விடும் என்று பயந்து 1669 மே மாதம் நிறுத்தினார். பார்வை போகவில்லை, 1703 வரை வாழ்ந்தார். அடுப்பில் போட 30 ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தது. அவரோ ஆறு தொகுதிகளாக பைண்டு செய்து, தம் நூலகத்தோடு, தாம் படித்த கேம்பிரிட்ஜ் கல்லூரிக்கே கடைசியில் போய்ச்சேர வழிசெய்தார்.

சுருக்கெழுத்தே மறைக்கத்தானே என்பீர்கள். அது அச்சில் வந்து பலரும் கற்ற ஷெல்டன் முறை. அதன் பாடப்புத்தகமும் அதே நூலகத்தில் இருந்தது. பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவியை மாட்டிவைப்பவர் திருடனுக்குப் பயந்தவர் அல்லர். அதைக் கவனிக்காமல் ஜான் ஸ்மித் என்பவர் 1819 முதல் மூன்று ஆண்டுகள் மல்லாடிப் பெயர்த்தெழுதியது வேறு கதை.

பீப்ஸ் செய்ததைப் போலித்தனம் என்பது அநியாயம். இருபத்தாறு வயதில் மனப்பாரத்தை இறக்க எழுதுகிறோம். எழுபதில் மறக்கப்படாதிருக்க அதையே பாதுகாக்கிறோம். ஆகவே, தனக்காக மட்டும் எழுதுவதாக ஒருவர் சொன்னால் தாராளமாக நம்புங்கள். பைண்டிங்குக்கு எவ்வளவு செலவழித்தார் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.