புலி தரிசனம் கேட்பவர்

மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் சாலையிலும், மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர் வழியாக வரும் சாலையிலும் சனி, ஞாயிறுகளில் தவறாமல் தென்படும் ஆசாமி ஒருவர் உண்டு. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். காட்டோடு காடாக மறைந்துகொள்ள வசதியாகப் பச்சையும் பழுப்புமாகத் திட்டுப் போட்ட சட்டை. ஏறி வந்திருப்பதோ அடுத்த மலையிலிருந்து பார்த்தாலும் கண்ணைப் பறிக்கும் சிவப்பு ஜீப். கழுத்தில் பைனாகுலர் தொங்கும். அதன் மூடி இன்னும் கழற்றப்பட்டிருக்காது. பின்சீட்டில் முழங்கை நீள லென்ஸ், அதன்மேல் புளிசாதப் பொட்டலம். டீக்கடையில் வண்டி நின்றதும் டீ சொல்வதற்கு முன்பே, "அண்ணே, ஆனை எங்க நிக்கும்?" என்பார். கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, "நேத்து அந்த வளைவுலதான் நின்னுச்சு" என்பார். நம் காடுகளில் எல்லா மிருகமும் நேற்றுதான் வரும். அதற்குள் வண்டியில் இருப்பவர்களுக்கு வீரப்பன் புராணம் தொடங்கியிருக்கும். வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அவர் உட்கார்ந்து கஞ்சி குடித்த பாறைகளின் எண்ணிக்கை மட்டும் நம் ஆசாமியின் புண்ணியத்தில் ஒவ்வொரு பயணத்திலும் கூடிக்கொண்டே போகிறது.

இவரைக் கேலி செய்வது சுலபம் என்பதால் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் தப்பான இடத்தில் செய்கிறார்கள். பொழுதுபோக்குக்கு ஊர் சுற்றுபவர், காட்டின் மேல் மரியாதை இல்லாதவர் என்கிறார்கள். உண்மையில் இவர் அசல் பக்தர். விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுகிறார். வீட்டில் அந்த நேரத்தில் எழுந்திருப்பது வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும்தான். வனத்துறை சபாரி உள்ள ஊரென்றால் கவுன்டரில் வரிசையில் நிற்கிறார்; கொஞ்சம் கூடக் கொடுத்தால் கிட்டே கொண்டுபோய்க் காட்டுவார்களா என்று தாழ்ந்த குரலில் விசாரிக்கிறார். ஒருவேளை புலி கண்ணில் பட்டுவிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் குறை. எடுத்த படத்தைச் சித்தப்பா, மாமா, ஒன்றுவிட்ட மைத்துனர் என்று ஒருவர் விடாமல் அனுப்பிவைப்பது பிரசாத விநியோகமேதான். ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து கேட்கும் கேள்வியும் கோயில் கேள்விதான்: "போனீங்களே, புலி பாத்தீங்களா?" இல்லை, புள்ளிமான் பார்த்தோம் என்றால், "மானா? அது வண்டலூர்லயே நிக்குதே" என்று பேச்சை முடித்துவிடுவார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் இவ்வளவு டீசலும் எரிகிறது.

பக்தி எங்கே தவறுகிறது என்று பார்க்க மாதேஸ்வரன் மலையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. இங்கே தெய்வமே புலிமேல் ஏறித்தான் வருகிறார். எழுபத்தேழு மலைகளைப் புலிமேல் சுற்றிவந்தவர் என்று மாதேஸ்வரரைக் கம்சாளை என்ற கைத்தாளம் தட்டும் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருகிறார்கள். சுற்றியிருக்கும் காடு 2013-இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 900 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் காவிரி சரணாலயம், மறுபக்கம் பிலிகிரிரங்கன் மலை, தெற்கே தமிழ்நாட்டின் சத்தியமங்கலம். புலிக்கு மாநில எல்லை கிடையாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். 2023-இல் மலையில் திறந்துவைத்த மாதேஸ்வரர் சிலைக்கு 108 அடி உயரம். அங்கே மட்டும் புலி தரிசனத்துக்கு உத்தரவாதம் உண்டு. இதே ஆசாமி திருப்பதியில் பல மணி நேரம் கம்பிக்கூண்டுக்குள் நின்று, சில நொடி பெருமாளைப் பார்த்து, "ஜருகண்டி" என்று தள்ளப்பட்டு வெளியே வந்து, "என்ன ஒரு திவ்ய தரிசனம்!" என்கிறவர். திரை போட்டிருந்தால் அலங்காரம் நடக்கிறது என்று காத்திருப்பார். காட்டில் இருபது நிமிடம் ஒன்றும் வராவிட்டால், "எல்லாம் ஏமாத்து, இங்க ஒண்ணுமே இல்ல" என்று ஆரனை அடிக்கிறார். ஆக, பக்தி அதிகமாகிப் போனதல்ல இவர் கோளாறு. கோயிலில் கற்ற பாடத்தில் கேட்பதை மட்டும் காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, காத்திருப்பதைக் கோயில் வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு வந்துவிட்டார்.

விட்டு வந்தது அது மட்டுமல்ல. எந்தக் கோயிலிலும் நேராக மூலவர் முன் போய் நிற்பதில்லை. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம், நந்தியிடம் அனுமதி, பரிவார தெய்வங்களுக்கு ஒரு கும்பிடு, அப்புறம்தான் கருவறை. காட்டில் அந்தப் பரிவாரம் பறவைகளும் சிறு விலங்குகளும். புலி நடமாடுவதை முதலில் அறிவிப்பது சாம்பல் மந்தியும் கடமானும் புள்ளிமானும் மயிலும் எழுப்பும் அபாயக் குரல்கள்தான். வழிகாட்டிகள் புலியைத் தேடுவதே அந்தக் குரல்களை வைத்துத்தான். நம் ஆசாமியோ கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, இளையராஜாவை உரக்க ஒலிக்கவிட்டிருக்கிறார். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் தாண்டுகிறது. செம்மார்புக் குக்குறுவான் "டுக், டுக்" என்று நாலு தரம் தட்டி முடிப்பதற்குள் வண்டி அடுத்த வளைவில் இருக்கும். துடுப்புவால் கரிச்சான் காட்டிலுள்ள மற்ற பறவைகளின் குரல்களையெல்லாம் மிமிக்ரி செய்து காட்டும்; பார்வையாளர் இல்லாத கச்சேரி. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளையும் புதர்க்காடுகளையும் விட்டு உலகில் வேறெங்கும் இல்லாத மஞ்சள் தொண்டைச் சின்னானைப் பார்க்க அயல்நாட்டார் விமானம் ஏறி வருகிறார்கள். நம்மவருக்கு அது "ஏதோ குருவி". 1939-40-இல் மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளைக் கணக்கெடுத்த சாலிம் அலி, ஏதோ குருவிகளைத்தான் பட்டியலிட்டார். 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் எழுதிவந்த நம் மா. கிருஷ்ணன், யானையைப் பற்றி எழுதிய அதே சிரத்தையோடு காக்கையையும் அணிலையும் பற்றி எழுதினார். பரிவாரத்தைக் கும்பிட்டவர்களுக்குத்தான் மூலவரும் காட்சி கொடுத்திருக்கிறார்.

நடை சாத்தும் வழக்கத்தையும் இவர் காட்டில் ஒப்புக்கொள்வதில்லை. பந்திப்பூர் சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை. திம்பம் மலைப்பாதையில் 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுக் கட்டுப்பாடு வந்தது. அர்த்தஜாம பூசை முடிந்து கதவு சாத்தினால் பேசாமல் திரும்பி நடக்கிறவர், சோதனைச் சாவடியில் கட்டை இறங்கியிருந்தால் மட்டும், "எனக்கு டிஎஃப்ஓவைத் தெரியும்" என்று தொடங்குகிறார்.

"அப்படியானால் அசல் பக்தர்கள் மட்டும் யோக்கியமா?" என்று ஒருவர் கேட்கலாம். சிவராத்திரிக்கும் உகாதிக்கும் மலையடிவாரத் தாளபெட்டாவிலிருந்து நடந்து ஏறும் கூட்டம் போன வழியைத் தண்ணீர் பாட்டிலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பது உண்மைதான். நடக்கிறவர் காட்டைக் கேட்டுக்கொண்டாவது போகிறார் என்பது அந்தக் குப்பைக்குச் சமாதானம் ஆகாது. இன்னொருவர், "பறவை பார்க்கிறவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு?" என்பார். அதுவும் நியாயம். இன்றைக்கு எத்தனை இனம் என்று எண்ணிக்கையில் போட்டி போட்டு, கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைத்துப் படம் எடுப்பது அர்ச்சகருக்குக் கையூட்டுக் கொடுத்து நடை திறக்கச் சொல்வதுதான். மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. கோயில் தெய்வம் திரைக்குப் பின்னாலும் இருக்கும். திரைக்குப் பின்னால் புலி இருக்கிறதா என்பதற்கு என்ன நிச்சயம்? 2025 ஜூனில் இதே சரணாலயத்தின் ஹூக்கியம் பகுதியில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. புலி மாட்டை அடித்துவிட்ட ஆத்திரத்தில் அந்த மாட்டின் உடலில் நஞ்சு வைத்ததாக விசாரணையில் தெரிந்தது. காட்டோரத்தில் மாடு மேய்ப்பவருக்குப் புலி தரிசனம் கேட்காமலே கிடைக்கிறது, ஒரு மாட்டின் விலையில். அவருக்கு இழப்பீடு உடனே போய்ச் சேர வேண்டும், காவலர் வேண்டும், அதற்கெல்லாம் அரசைக் கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள் நம் ஆசாமியாகத்தான் இருக்க முடியும். ஆகவே அவரை மலையை விட்டு விரட்டச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வரட்டும், ஆனால் முழு பக்தராக வரட்டும்.

அது அவரால் முடியாத காரியமும் அல்ல. திருப்பதி வரிசையில் நிற்கத் தெரிந்தவரிடம் பொறுமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆரனை விட்டுவிட்டு, கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, பக்தர்கள் நடக்க அனுமதியுள்ள பாதையில் காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் நடந்தால் போதும்; பைனாகுலரின் மூடி தானாகக் கழன்றுவிடும். ஒரு வருடத்தில் அவர் திருந்திவிடுவார். அதற்கப்புறம்தான் பெரிய வேலை. "புலி இல்ல, மஞ்சள் தொண்டைச் சின்னான் பார்த்தேன்" என்று அவர் ஊர் திரும்பிச் சொல்லும்போது, "அது எவ்வளவு பெருசு?" என்று கேட்கப் போகும் பக்கத்து வீட்டுக்காரரை அடுத்த வாரம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.