எந்த வேலைக்காரன்? ஒருபெயர்ப் பலபாட்டு குறித்து ஓர் ஆய்வு

கல்வெட்டில் வரும் இராசேந்திரன் முதலாமவனா மூன்றாமவனா என்று நம் ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கல்யாண ரிசப்ஷனில் 'வேலைக்காரன் பாட்டு ஒன்று' என்று மேடைக்கு வரும் துண்டுச்சீட்டில் உள்ள வேலைக்காரன் முதலாமவனா இரண்டாமவனா என்பதை மட்டும் யாரும் தொட்டதில்லை. முன்னோடி ஆய்வு எதுவும் இல்லாததால் என்னை மறுக்க ஆளில்லை என்ற துணிவில் இதைத் தொடங்குகிறேன்.

சிக்கலின் வேர் நம் வழக்கத்தில் இருக்கிறது. மேல்நாட்டில் பாடகர் தன் ஆல்பத்துக்குத் தானே பெயர் வைக்கிறார். இங்கே படத்துக்கு எந்தப் பெயரோ அதுவேதான் ஆல்பத்துக்கும். ஆக, பழைய படத்தின் பெயரைப் புதுப்படம் எடுத்துக்கொள்ளும்போது, தபேலாவும் வயலினும் குடியிருந்த வீட்டில் ராப்பும் குத்தும் சாமான் செட்டோடு வந்து இறங்கிவிடுகின்றன. பழைய குடித்தனமும் காலி செய்வதில்லை.

வகைப்பாட்டுக்கு நன்னூலை விட்டால் நாதியில்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரித்தார் பவணந்தியார். 2007இன் 'பில்லா' 1980இன் 'பில்லா'வுக்கு வழிநூல். கதை அதே, எம்.எஸ்.விஸ்வநாதன் போட்ட தலைப்புப் பாட்டையும் யுவன் சங்கர் ராஜா ரீமிக்ஸ் செய்து கையோடு எடுத்துக்கொண்டார். (முதல்நூலுக்கும் 1978இல் இந்தியில் ஒரு முதல்நூல் உண்டு என்பதை, ஆய்வின் நலன் கருதி, கண்டுகொள்ளாமல் விடுகிறேன்.) 2022இன் 'விக்ரம்' 1986இன் 'விக்ர'முக்குச் சார்புநூல்: ஆள் மட்டும் அதே கமல், மற்றதெல்லாம் புதிது. மிச்சமிருக்கும் பெருங்கூட்டம் எதிலும் அடங்காது. கதை வேறு, ஆள் வேறு, மெட்டு வேறு. பெயர் மட்டும் ஒன்று. இதற்குப் 'பெயர்நூல்' என நான்காம் வகை ஒன்றை முன்மொழிகிறேன்.

பெயர்நூல் மரபில் இரண்டு பள்ளிகள் தெரிகின்றன. முதலாவது அனிருத் பள்ளி. 'காக்கிச்சட்டை', 'தங்கமகன்', 'வேலைக்காரன்' மூன்றும் எண்பதுகளில் இளையராஜா இசையமைத்த படங்களின் பெயர்கள். மூன்றும் 2015க்கும் 2017க்கும் இடையில் அனிருத் கைக்கு வந்தன. அதற்கு முன்பே, 2013இல், வி.குமாரின் 'எதிர்நீச்சல்' வந்திருந்தது.

இந்த 'எதிர்நீச்ச'லில் சற்று நிற்க வேண்டும். 1968இல் பாலசந்தர் படத்துக்காக வாலி எழுத, சீர்காழி கோவிந்தராஜன் வெண்கலக் குரலில் அந்தச் சொல்லைத் தூக்கிப் பாடினார். நாற்பத்தைந்து ஆண்டு கழித்து அதே சொல்லை அனிருத்தும் ஹிப்ஹாப் தமிழா ஆதியும் பாட, பஞ்சாபிலிருந்து ஹனி சிங் வந்து சேர்ந்துகொண்டார். இரண்டும் தலைப்புப் பாட்டு, இரண்டும் ஊக்கப் பாட்டு. முன்னதைக் கேட்டால் படித்துப் பாஸாகத் தோன்றும். பின்னதைக் கேட்டால் ஓடத் தோன்றும். பிந்தைய படம் மாரத்தான் ஓட்டத்தைப் பற்றியது என்பதால் இசையில் குற்றம் காண முடியாது. நீச்சல் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.

இரண்டாவது ஜி.வி.பிரகாஷ் பள்ளி. இவர் இளையராஜா வீட்டுப் பக்கம் அதிகம் போவதில்லை. விஸ்வநாதனின் 'பொல்லாதவன்', டி.ஆர்.பாப்பாவின் 'ராஜா ராணி', ஆர்.சுதர்சனத்தின் 'பராசக்தி' என்று பழைய தெருக்களில் திரிபவர். ஆனால் இவருடைய உண்மையான சாதனையை இதுவரை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. 1992இல் 'அமரன்', 1995இல் 'அசுரன்' ஆகிய இரண்டுக்கும் இசை ஆதித்யன். பிற்காலத்தில் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்தினாரே, அவரேதான். 2019இல் 'அசுரன்', 2024இல் 'அமரன்' ஆகிய இரண்டுக்கும் இசை ஜி.வி.பிரகாஷ். ஓர் இசையமைப்பாளரின் இரண்டு பெயர்கள் அப்படியே இன்னொருவரிடம், அதுவும் தலைகீழ் வரிசையில்! தற்செயல் என்று சொல்லிவிடலாம். தற்செயல் என்று சொல்லிவிட்டால் ஆய்வாளன் பிழைப்பு என்னாவது? எனவே இதை 'ஆதித்யன் விதி' எனக் குறிக்கிறேன்.

இந்த விதி வேறோர் இடத்திலும் வேலை செய்திருக்கிறது. பழைய 'அசுர'னின் 'சக்கு சக்கு வத்திக்குச்சி' பாட்டைப் புது 'விக்ரம்' படத்தில் சண்டைக்கு நடுவே லோகேஷ் கனகராஜ் ஒலிக்கவிட, இளைஞர் கூட்டம் அதைத் தேடிப் புறப்பட்டது. 'விக்ரம்' ஆல்பத்தில் தேடினால் அனிருத் வருகிறார். 'அசுரன்' என்று தேடினால் தனுஷ் அரிவாளோடு வருகிறார். இரண்டாம் விக்ரமில் ஒலிக்கும் முதலாம் அசுரனின் பாட்டு என்று முழு முகவரியும் கொடுத்தாலொழிய ஆதித்யன் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது.

பாட்டே படப்பெயராவது கிளைவழக்கு. 1999 ஏப்ரலில் வந்த 'படையப்பா'வில் ரஹ்மானின் 'மின்சாரக் கண்ணா' அப்பட்டமான வசந்தா ராகம். அதே ஆண்டு, அதே கே.எஸ்.ரவிகுமார் இயக்கத்தில், தேவா இசையில் 'மின்சார கண்ணா' என்றே ஒரு படம் வந்துவிட்டது. (பாரசைட் படம் ஆஸ்கர் வாங்கியபோது, அது இந்த மின்சார கண்ணாவின் கதை என்று தயாரிப்பாளர் கிளம்பியது தனி ஆய்வுக்குரியது.) 1982இல் 'நினைவெல்லாம் நித்யா'வில் இளையராஜா தந்த 'நீதானே எந்தன் பொன்வசந்தம்' 'எந்தன்' 'என்' ஆகி 2012இல் கௌதம் மேனன் படத்தின் பெயரானது. இசை மறுபடி இளையராஜாவே. ஆல்பத்தில் எட்டுப் பாட்டு; அந்தப் பாட்டு மட்டும் இல்லை.

சட்டம் இதில் தலையிடாது. வெறும் தலைப்புக்குக் காப்புரிமை இல்லை என்று 2015இல் 'தேசி பாய்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே குழப்பத்தைத் தீர்க்கும் முழுப் பொறுப்பும் கல்யாண மேடையில் கீபோர்டுக்குப் பின்னால் நிற்பவர் தலையில் விழுகிறது. நான் பார்த்த ஒரு விசாரணை:

"யாரு தம்பி குடுத்தது?"

"மாப்ளையோட சித்தப்பாண்ணே."

"தலை நரைச்சிருக்கா?"

"டை அடிச்சிருக்காரு."

கீபோர்டுக்காரர் மண்டபத்தை ஒரு நோட்டம் விட்டார். சீட்டை மறுபடி பார்த்தார். 'பாட்டு' என்பதை 'பாடல்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, தேதியும் குறித்திருந்தது. சந்தேகமே இல்லை, 1987. 'வா வா வா கண்ணா வா' தொடங்கியது. சித்தப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

இந்த முறையைச் செம்மைப்படுத்தினால் சான்றிதழ் இல்லாமலேயே ஒருவரின் வயதைக் கணிக்கலாம் என்பது என் துணிபு. பெயரைச் சொல்லி முணுமுணுக்கச் சொன்னால் போதும். 'விக்ரம்' மட்டும் கவனமாகக் கையாளப்பட வேண்டியது. 1986இன் தலைப்புப் பாட்டையும் பாடியவர் கமல், 2022இன் 'பத்தல பத்தல'வை எழுதிப் பாடியவரும் கமல். குரலை வைத்துத் தீர்மானிக்க முடியாது. முன்னது எலக்ட்ரானிக் மிரட்டல், பின்னது வடசென்னைக் குத்து என்று வகையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

சோதனை முழுதாகத் தோற்றது 'எதிர்நீச்ச'லில்தான். சீர்காழியை எதிர்பார்த்து எண்பது வயதுப் பாட்டியிடம் கேட்டேன், அனிருத்தை எதிர்பார்த்து அவர் பேரனிடம் கேட்டேன். இருவரும் ஒரே குரலில் அதே பெயருள்ள சீரியலில் வரும் ஆதி குணசேகரனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சீரியல்கள் இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.