முக்திநாத் யாத்திரையில் விசிலின் இடம்: ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

திருவனந்தபுரம் கரமனையிலிருந்து அண்டை நாடான நேபாளத்து முக்திநாத்துக்குக் கூட்டமாகப் போய்வரத் திட்டமிடுதல் என்னும் பொருள் குறித்து முறையான ஆய்வு எதுவும் இதுவரை நம் கண்ணில் படவில்லை. இது வியப்புக்குரியது. இதைவிடச் சிறிய பொருள்களுக்கெல்லாம் முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். பட்டம் வாங்கியவர்கள் அதற்குப் பிறகு அந்தப் பொருளின் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

ஆய்வின் எல்லை: “போகலாம்” என்று முதலில் ஒருவர் சொன்ன நாள் தொடங்கி, வண்டி புறப்படும் நாள் வரை. இமயமலை நம் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முதன்மைச் சான்றுகள்: மாமிகள். துணைமைச் சான்றுகள்: மாமாக்கள். மூன்றாம் நிலைச் சான்று: பயண ஏற்பாட்டாளர் கொடுத்த வழவழத்தாள் துண்டறிக்கை. அதில் ‘தென்னிந்திய சைவ உணவு, சமையல்காரர் உடன் வருகிறார்’ என்ற வரி கொட்டை எழுத்திலும், ‘முக்திநாத் தரிசனம்’ பொடி எழுத்திலும் உள்ளன. அச்சிட்டவருக்கு ஆய்வு மனம் வாய்த்திருக்கிறது.

2. வரலாறு

எந்தப் பொருளையும் இரண்டாயிரம் ஆண்டு பின்னுக்குத் தள்ளாமல் கட்டுரை எழுதுவது நம் மரபல்ல. ஆயினும் நம்மால் பதினெட்டாம் நூற்றாண்டு வரைதான் போக முடிந்தது, அறிஞர்கள் பொறுத்தருள்க.

மார்த்தாண்ட வர்மர் காலத்தில் பத்மநாபசுவாமி கோயில் திருப்பணி நடந்தபோது, அனந்தசயன மூர்த்தியை அமைக்க நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து 12,008 சாளக்கிராமங்கள் வந்தன என்பது ஊர் மரபு. ஆக, இவ்விரு ஊர்களுக்கும் இடையே நடந்த முதல் கூட்டுப் பயணம் அங்கிருந்து இங்கே வந்ததுதான். உறுப்பினர் 12,008. ஒருவர்கூட ஜன்னல் சீட் கேட்கவில்லை. ஒருவர்கூடக் கீழ்ப்படுக்கைக்காக மருத்துவச் சான்று காட்டவில்லை. வந்தவர்கள் திரும்பிப் போகவும் இல்லை. பயண ஏற்பாட்டாளர்கள் இன்றும் அப்படி ஒரு கூட்டத்துக்காகத்தான் ஏங்குகிறார்கள்.

நாம் இப்போது செய்ய நினைப்பது அந்தப் பயணத்துக்கு மறுவீடு. இவ்வூர் நம்மாழ்வார் பாடியது. அவ்வூர் பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருச்சாளக்கிராமம் என்று கொள்ளப்படுவது. 108 திவ்ய தேசங்களில் இந்த மண்ணில் உள்ளவை 106. அவற்றில் எத்தனை பார்த்தாயிற்று என்ற கணக்கைக் கரமனையில் இருவர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் கணக்கை மற்றவர் ஒப்புக்கொள்வதில்லை.

3. யாத்திரிகர் வகை

அவர்கள் அறுவகைப்படுவர்.

அ. போய்வந்தோர். எதைச் சொன்னாலும் “நாங்க போனப்போ அப்படி இல்லை” என்பார்கள்.

ஆ. போகாதோர், ஆனால் திட்டமிடும் கூட்டத்துக்கு வருவோர். காப்பி உண்டு என்பது காரணம்.

இ. முன்பணம் கட்டியோர். அரிய இனம்.

ஈ. முக்திநாத்தின் 108 நீர்த்தாரைகளிலும் தலை நனைப்பேன் என்று கரமனை ஆற்றங்கரையில் நின்று சபதம் செய்வோர். அந்தத் தண்ணீர் பனி உருகி வருவது என்பதை இவர்களிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

உ. மகன் அமெரிக்காவிலிருந்து “ஜாக்கிரதை” என்று செய்தி அனுப்பப் பெற்றோர்.

ஊ. சமையல் பற்றி மட்டும் பேசுவோர். (ஐந்தாம் இயல் காண்க. காணாமல் தப்ப முடியாது.)

4. வழியும் பிறவும்

வழி: ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர்; அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் சாலை வழியே சுனௌலி எல்லை; பிறகு பொக்கரா. வண்டி புறப்படும் கொச்சுவேளி நிலையத்துக்கு 2024-இல் ‘திருவனந்தபுரம் வடக்கு’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எனவே ‘திருவனந்தபுரம்’ என்ற பாதியை மட்டும் படிக்கும் உறுப்பினர்கள் பெட்டி படுக்கையோடு தம்பானூர் சென்ட்ரல் நிலையத்தில் இறங்குவார்கள் என்று முன்கூட்டியே பதிவுசெய்கிறோம்.

ஆவணம்: பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு ஆதாரே போதும் என்று 2019-இல் உள்துறை அமைச்சகம் அறிவித்தது. அறுபத்து மூன்று வயதான ஒரு மாமி, பெண்பார்க்க வந்த நாள் முதல் குறைத்தே சொல்லிவந்த வயதை அன்றுதான் முதன்முறையாகக் கூட்டிச் சொன்னார். (வாய்மொழி, சாட்சிகள் உண்டு.)

காசு: நம் 100 ரூபாய் அங்கே 160. 1993 முதல் இதே விகிதம். சுனௌலியைத் தாண்டியதும் அனைவரும் செல்வந்தராகி, கம்பளிக் கடையில் பழைய நிலைக்குத் திரும்புவர்.

நேரம்: நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முந்தி ஓடும். நம் குழு எல்லையைத் தொட்ட கணமே, யாரும் தாமதம் செய்யாமலேயே, கால்மணி நேரம் தாமதமாகிவிடுகிறது. இதற்கும் ஒரு மாமாவைத்தான் திட்டினார்கள்.

தரிசனம்: காட்மாண்டு அருகே புடாநீலகண்டத்தில் பெருமாள் குளத்து நீரில் திறந்தவெளியில் பள்ளிகொண்டிருக்கிறார். பத்மநாபசுவாமியைத் திருமுகம் ஒரு வாசல், நாபி ஒரு வாசல், திருவடி ஒரு வாசல் என்று மூன்று தவணையில் சேவித்துப் பழகிய ஊர்க்காரர்கள் அங்கே முழுத் திருமேனியையும் ஒரே பார்வையில் காண்பதால், மீதி நேரத்தை என்ன செய்வது என்ற சிக்கல் எழும். அதைக் கம்பளிக் கடை தீர்க்கும்.

5. விசில்

இனி ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம். இது குறித்துக் கரமனையில் வழங்கும் நூற்பா ஒன்று உண்டு. செய்தவர் பெயர் தெரியவில்லை, தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்:

‘கம்பளி மாத்திரை கைவிளக் கென்றிவை
தம்பால் இலரும் தகுவர் பயணம்;
குக்கர் இலரோ குறுகவும் தகாரே.’

இதில் ‘குக்கர்’ என்றது ஐந்து லிட்டரையா, பத்து லிட்டரையா என்ற ஐயம் எழும். ‘தகாரே’ என்ற ஏகாரம் பத்து லிட்டரையே சுட்டும் என்பது மேலைத்தெரு உரை. ஏகாரம் வெறும் அசைநிலை, ஐந்து லிட்டர் இரண்டு கொண்டுபோகலாம் என்பது கீழைத்தெரு உரை. மூன்றாமடி இடைச்செருகல் என்பாரும் உளர். அவர்கள் ஓட்டலில் சாப்பிடுபவர்கள்.

சிக்கல் யாது? உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் இறங்குகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. திருவனந்தபுரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் 2,700 மீட்டர் உயர ஜோம்சோமில் 91-இலும், 3,700 மீட்டருக்கு மேல் உள்ள முக்திநாத்தில் 88-இலும் கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று மகிழ வேண்டாம். அந்தச் சூட்டில் திறந்த பாத்திரத்து அரிசி விறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே குக்கர். ஆகவே விசில். எத்தனை?

கேள்வி முதலில் எழுந்த இடம் கூட்டத்தின் தொடக்கம். ஏற்பாட்டாளர் ரயில் டிக்கெட் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தார். ஒரு மாமி கையை உயர்த்தினார்: “டிக்கெட் கிடக்கட்டும் அண்ணா. இங்க மூணு விசிலாக்கும் வைக்கறது. அங்க எத்தனைன்னு மொதல்ல சொல்லுங்கோ.” அதன் பிறகு டிக்கெட் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது நான்கு பள்ளிகள் நிலவுகின்றன.

முதலாவது, மாறாவாதம். மூன்று விசில் எங்கும் மூன்று விசிலே. பெருமாள் மாறினாரா, விசில் மாற? (பெரிய அத்தை, வாய்மொழி.)

இரண்டாவது, கூட்டல்வாதம். ஆயிரம் மீட்டருக்கு ஒரு விசில் கூட்டுக. முக்திநாத்தில் ஆறே முக்கால் விசில் வருகிறது. முக்கால் விசிலை எப்படி வைப்பது என்ற கேள்விக்கு இப்பள்ளி மௌனம் சாதிக்கிறது. (மாடி வீட்டு மாமா, பாலுக்குக் காத்திருந்தபோது கேட்டருகே சொன்னது, பால்காரர் உடன்பட்டார்.)

மூன்றாவது, அரைவிசில்வாதம். முழு விசிலுக்கு முன் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் வந்து, எடை லேசாக ஆடி அடங்குகிறதே, அது விசிலா, அல்லவா? குற்றியலுகரம் போல அதற்கும் அரை மாத்திரை உண்டு என்பது இவர்கள் துணிபு. இதை ஏற்றால், இத்தனை காலம் மூன்று விசில் என்று வைத்ததெல்லாம் மூன்றரையோ நாலோ ஆகி, நாம் பிறந்தது முதல் தின்ற சோறு அனைத்தையும் மறுவாசிப்பு செய்ய நேரும். அதற்கான நூல்வரிசை திட்டமிடப்பட்டுள்ளது. (சம்பந்தி மாமி, வாட்ஸ்அப் குரல்பதிவு, முற்பகுதியில் மிக்சி ஓடுகிறது, பிற்பகுதியில் பேத்தி பாடுகிறாள், மேற்கோள், இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியிலிருந்து.)

நான்காவது, ஐயவாதம். கேட்காத விசில் விசிலாகுமா? தொலைக்காட்சித் தொடரில் மாமியார் கத்தும்போது அடித்த விசிலை எந்தக் கணக்கில் எழுதுவது? (சித்தப்பா, மின்கட்டண ரசீதின் பின்புறம், பென்சில், மூன்றாம் திருத்திய பதிப்பு, எண்ணெய்க் கறையால் கடைசி இரு சொற்கள் சிதைவு. ஆனால் ஒப்புநோக்குக: அதே சித்தப்பா, பஞ்சாங்க அட்டையின் உட்புறம், நீலமை, தேதியின்றி; இதற்கு நேர்மாறான கருத்து. இரண்டும் ஒருவர் எழுதியவை அல்ல, சித்தப்பாக்கள் இருவர் இருந்தனர் என்று கொள்ளும் அறிஞரும் உளர். சித்தியிடம் கேட்டோம். “ஒருத்தரே போறும்” என்றார். இது சான்றா, புலம்பலா என்பது ஆராயத்தக்கது.)

நேர்மைக்காக இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் ஒருவர் கூட்டத்தின் பின்வரிசையில் இருந்து சொன்னது: விசில் என்பது கால அளவே அன்று, உள்ளழுத்தம் எடையைத் தூக்கும்போது எழும் ஒலி. தீ பெரிதானால் விரைந்து வரும், சிறிதானால் வராமலும் போகும். எடை எங்கும் ஒரே எடைதான். ஆனால் அது வெளிக்காற்றழுத்தத்தின் மேல் ஏறி உட்கார்கிறது. அதனால் கடல்மட்டத்தில் 120 டிகிரி தொடும் குக்கர், முக்திநாத்தில் 114 அளவில் நிற்கும். அரிசி வேகும், சில நிமிடம் கூடுதலாக வைத்தால் போதும். முதல் விசிலுக்குப் பின் தீயைத் தணித்து, நிமிடத்தை எண்ணுங்கள் என்று குக்கரோடு வரும் சிறு புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.

இக்கருத்து சரியானது என்பதாலும், இதை ஏற்றால் விவாதம் முடிந்துவிடும் என்பதாலும், நான்கு பள்ளியாரும் ஒருங்கே எதிர்த்தனர். வாத்தியாருக்குக் காப்பியும் இரண்டாம் சுற்றில்தான் வந்தது. இதே ஊர் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, ஞானசம்பந்தர் காலத்தை ஆராய்ந்து ஒரு சிறு நூலில் முடித்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்வந்தவர்கள் அத்தகைய பிழையைச் செய்வதில்லை. முடிந்த ஆய்வுக்கு அடுத்த ஆண்டு நிதி வராது.

6. உயரமும் உயிரும்

பொக்கரா 820 மீட்டர். காலையில் காற்று எழும்புமுன் பறக்கும் சிறு விமானம் அரைமணிக்குள் ஜோம்சோமில் இறக்குகிறது. அங்கிருந்து ஜீப்பில் முக்திநாத். ஒரே முற்பகலில் ஏறத்தாழ 2,900 மீட்டர் ஏற்றம். பையிலிருக்கும் முறுக்கு பாக்கெட்டே தலையணைபோல் உப்பிவிடும்; எழுபது வயது நுரையீரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜோம்சோமில் ஓர் இரவு தங்கி ஏறினால் தலைவலியும் மூச்சுத்திணறலும் குறையும். இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே பணம் கட்ட வேண்டும். துண்டறிக்கையில் அந்த ஓர் இரவு இல்லை. நேரமின்மையால் இது விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

7. முடிவுகள்

ஒன்று: விசில் எண்ணிக்கை பற்றி ஐவர் குழு அமைக்கப்பட்டது, அவர்கள் ஏழு பேர்.

இரண்டு: மேலைத்தெரு பத்து லிட்டர் ஒன்றும், கீழைத்தெரு ஐந்து லிட்டர் இரண்டும் கொண்டுவரும். கேஸ்கட்டை யார் எடுப்பது என்பது இருவருக்கும் தெரியும் என்று இருவரும் நம்புகின்றனர்.

மூன்று: வாத்தியாரின் கருத்து பின்னிணைப்பில் சேர்க்கப்படும். பின்னிணைப்பு அச்சாகாது.

நான்கு: ஜோம்சோமில் ஓர் இரவு தங்குவதற்கான கூடுதல் செலவு வீண் என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது, அந்தப் பணத்தில் நான்காவதாக ஒரு குக்கர் வாங்கப்படும்.

ஐந்து: புறப்படும் தேதி. தொகுத்துப் பார்த்தால், எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்ட இக்கூட்டம் இதை மட்டும் தொடவேயில்லை என்று தெரிகிறது. பொருள் ஆழமானது. தனி ஆய்வுக்கு உரியது.